பெரிய லூர் எறிய மஸ்கித் தடி: அளந்து பார்த்து வாங்கும் முழு வழிகாட்டி

மஸ்கி என்பது வட அமெரிக்க ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் பெரிய வேட்டை மீன். அதற்குத் தூண்டில் தடி வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது எத்தனை பவுண்டு மீனைத் தாங்கும்?" அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து மஸ்கிச் சாதனை 65 பவுண்டு. கென் ஓ'பிரையன் 1988 அக்டோபரில் ஜோர்ஜியன் வளைகுடாவில் பிடித்த மீன் அது. அப்படியொன்று உங்களுக்கு மாட்டினாலும் மஸ்கிக்கென்று விற்கிற எந்த நல்ல தடியும் தாங்கிவிடும். தாங்காமல் போவது உங்கள் தோளும் முதுகும்தான்.

இந்த மீனுக்கு "பத்தாயிரம் வீச்சு மீன்" என்று பட்டப்பெயர் உண்டு. கணக்கு மிகைதான், ஆனால் நாள் முழுக்க நூற்றுக்கணக்கான தடவை எறிந்துவிட்டு வெறுங்கையோடு கரைக்குத் திரும்புவது இங்கே சாதாரணம். அரைப் பவுண்டு லூரை (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) எறிவது, இழுப்பது, படகோரத்தில் வட்டம் போடுவது, மறுபடி எறிவது. அன்றைய வேலையில் தொண்ணூற்றொன்பது பங்கு இதுதான், மீனோடு மல்லுக்கட்டுவது சில நிமிடம். ஆகவே லூருக்கும் உங்கள் உடம்புக்கும் பொருந்துகிற தடியைத் தேடுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில் கவார்தா ஏரிகள் இருக்கின்றன. பிஜன், பக்ஹோர்ன், செமோங், ஸ்கூகொக் எல்லாவற்றிலும் மஸ்கி உண்டு. இன்னும் பெரிய மீன் வேண்டுமென்றால் செயின்ட் லாரன்ஸ் ஆறு, ஒட்டாவா ஆறு, ஜோர்ஜியன் வளைகுடா. வடமேற்கே லாக் சூல், லேக் ஒஃப் த வூட்ஸ். எல்லைக்கு அப்பால் விஸ்கொன்சினும் மினசோட்டாவும். எங்கே போகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தடி மாறும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

படி 1: தடிக்கு முன் லூரை நிறுங்கள்

சமையலறைத் தராசை எடுத்து, வைத்திருக்கிற லூர்களையும் வாங்க நினைக்கிற லூர்களையும் நிறுத்து எழுதுங்கள். இன்னும் ஒன்றும் வாங்கவில்லை என்றால் கடைப் பெட்டியில் போட்டிருக்கும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்கத் தடிகளில் எல்லாம் அவுன்ஸ்தான். ஒரு அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம்.

மஸ்கி லூர்களின் எடை வீச்சு மிகப் பெரிது. மெப்ஸ் மஸ்கி கில்லர் போன்ற பழைய சுழல்தகடு லூர்கள் ஒரு அவுன்ஸுக்குச் சற்று மேலும் கீழும் நிற்கும். டபுள் கவ்கேர்ல் போல இரண்டு பெரிய 10ஆம் எண் தகடு வைத்தவை 3 அவுன்ஸை ஒட்டி வரும். மரத்தால் செய்த சூய்க், பக்கவாட்டில் வழுக்கி ஓடும் கிளைட் லூர்கள், தண்ணீர்மேல் ஓடும் லூர்களில் பெரும்பாலானவை 2 முதல் 5 அவுன்ஸுக்குள் அடங்கிவிடும். ரப்பர் லூர்கள்தான் வேறு உலகம். புல்டோக் வகையில் 9 அங்குலச் சாதாரண அளவு எறிய இலகு. அடுத்த பெரிய அளவு தோளுக்குத் தெரியும். பவுண்டர் என்பது பெயருக்கேற்றபடி ஒரு பவுண்டு, அதாவது 16 அவுன்ஸ், ஏறத்தாழ 450 கிராம். அரைக் கிலோ பருப்புப் பொட்டலத்தை நூலில் கட்டி நாள் முழுக்க எறிவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எடையோடு கணக்கு முடியவில்லை. லூர் காற்றில் பறக்கும்போது எடை பேசும்; தண்ணீருக்குள் வந்தபின் இழுவை பேசும். இரண்டு 10ஆம் எண் தகடுகள் வைத்த 3 அவுன்ஸ் லூர் எறிய ஒரு பாரமுமில்லை, ஆனால் வேகமாக இழுத்துச் சுற்றும்போது தடியை வில்லாக வளைத்துவிடும். 5 அவுன்ஸ் கிளைட் லூரோ எறியக் கனம், இழுக்கத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சுலபமாக வரும். தடியில் எழுதியிருக்கும் அவுன்ஸ் கணக்கு முதலாவதை மட்டும்தான் சொல்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் பலர் தவறான தடியோடு வீடு திரும்புகிறார்கள்.

எனவே உங்கள் பட்டியலில் ஒவ்வொரு லூருக்கும் பக்கத்தில் இரண்டு குறிப்பு: எத்தனை அவுன்ஸ், இழுவை கூடவா குறையவா. பட்டியலிலேயே மிகக் கனமானதற்குத் தடி வாங்காதீர்கள். நாளில் முக்கால்வாசி நேரம் எதை எறியப் போகிறீர்களோ அதற்கு வாங்குங்கள்.

படி 2: தடியில் எழுதியிருப்பதை நம்பும் அளவு

பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் நீளம், வலு, நூல் பலம், லூர் எடை எல்லாம் போட்டிருக்கும். ஹெவி, எக்ஸ்ட்ரா ஹெவி, டபுள் எக்ஸ் ஹெவி என்ற சொற்களுக்கு எல்லாருக்கும் பொதுவான வரையறை கிடையாது. ஒரு கம்பனியின் ஹெவி இன்னொரு கம்பனியின் எக்ஸ்ட்ரா ஹெவியாக இருக்கும். லூர் எடை வரம்பை முதலில் பாருங்கள். அதுவும் தயாரிப்பாளரின் மதிப்பீடுதான், ஆனாலும் சொல்லைவிட எண் மேல்.

3 முதல் 8 அவுன்ஸ் வரை என்று போட்டிருந்தால் அந்தத் தடி சுகமாக எறிவது 4, 5, 6 அவுன்ஸ் லூர்களை. 3 அவுன்ஸில் தடி முழுதாக வளையாது, வீச்சு குறுகும். 8 அவுன்ஸை எறியலாம், ஆனால் நாள் முழுக்க எறிந்தால் தடி துவண்டு, தடி செய்யவேண்டிய வேலையை உங்கள் முதுகு செய்யும். உங்கள் வழமையான லூர் அந்த வரம்பின் நடுவில் வந்து விழவேண்டும். இழுவை கூடிய இரட்டைத் தகடு லூராக இருந்தால் அதன் எடை 3 அவுன்ஸ்தானே என்று இலகுவான தடிக்குப் போகாமல், ஒரு படி வலுக் கூடியதை எடுங்கள்.

"ஐஎம்8" போன்ற எழுத்துக்களைப் பார்த்து மயங்கவேண்டாம். அவை ஹெக்செல் நிறுவனத்தின் கார்பன் இழைகளுக்கான வணிகப் பெயர்களிலிருந்து வந்தவை. தர அளவுகோல் இல்லை. விறைப்புக் கூடிய கார்பன் இலகுவாக இருக்கும், கூடவே அடிபட்டால் சட்டென்று உடையும். கண்ணாடி இழை கலந்த தடி கனம், ஆனால் அடி தாங்கும். அலுமினியப் படகில், மூன்று முள் கொக்கி தொங்கும் கனத்த லூர்களோடு, அடிபடுவது தினசரி நடக்கிற காரியம்.

படி 3: நீளம்

ஒரு காலத்தில் மஸ்கித் தடி என்றால் ஐந்தரை, ஆறு அடியில் உலக்கைபோல விறைத்த ஒன்று. மர லூரைக் கீழ்நோக்கி வெடுக்கென்று இழுக்க அது போதுமாக இருந்தது. இன்று எட்டரை, ஒன்பது அடிதான் வழக்கம். ஒன்பதரை, பத்து அடியும் கடைகளில் இருக்கிறது. இதைப் புதுமோகம் என்று ஒதுக்க முடியாது. நீளத் தடி தூரம் எறியும். மீன் தூரத்தில் கடிக்கும்போது கிடக்கிற தளர் நூலை ஒரே வீச்சில் இறுக்கி, எலும்பாய்க் கெட்டித்த வாயில் முள்ளைப் பதிக்கும். எல்லாவற்றையும்விட, படகோரத்து வேலைக்கு நீளம் அவசியம்.

மஸ்கியின் குணம் தெரியாதவர்களுக்கு இதை விளக்கவேண்டும். அது பல தடவை கடிக்காமல், லூருக்குப் பின்னாலேயே படகுவரை வந்து நிற்கும். அந்த நேரத்தில் லூரைத் தண்ணீரைவிட்டுத் தூக்கினால் மீன் போய்விடும். லீடருக்கு (நூலுக்கும் லூருக்கும் நடுவே பல்லுக்கு அறுபடாமல் கட்டும் துண்டு) மேல் ஒரு அடி நூலை மட்டும் விட்டு, தடி நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, எட்டு என்ற எண்ணைப் பெரிதாக வரையவேண்டும். ஊரில் டூ-வீலர் லைசன்ஸுக்குப் போட்ட எட்டுத்தான், ஆனால் வளைவு எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. நாலடி மீனுக்குக் குறுகிய வளைவில் திரும்ப வராது. ஆறடித் தடியில் வரையும் எட்டு மீனின் மூக்கைச் சுற்றியே முடிந்துவிடும். ஒன்பதடித் தடி மீன் திரும்பிப் பிடிக்க இடம் கொடுக்கும். ஆழமாகவும் இறக்கலாம். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும், மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஒரு வட்டமாவது போடுபவர்களுக்குத்தான் படகோரத்தில் மீன் கிடைக்கிறது.

ஆனால் எல்லாருக்கும் ஒன்பது அடி சரிவராது. உயரம் குறைந்தவர் தாழ்வான படகில் நின்றுகொண்டு, நுனியைக் கீழ்நோக்கி வைத்து வெட்டி வெட்டி இழுக்கும் லூரைப் பயன்படுத்தினால் ஒன்பதடித் தடியின் நுனி ஒவ்வொரு வெட்டுக்கும் தண்ணீரில் அடிக்கும். ஐந்தடி நான்கு அங்குல உயரம் உள்ளவருக்கு அந்த வேலைக்கு எட்டு அடி சுகம். உயரமான முன்தளத்தில் நின்று எறிபவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

கொண்டுபோகிற வழியையும் யோசியுங்கள். செடான் காருக்குள் ஒரே துண்டான ஒன்பதடித் தடி அடங்குவது கடினம். ஸ்காபரோ அடுக்குமாடிகளின் லிஃப்டில் சரித்துப் பிடித்தால்தான் ஏறும். படகுகளின் தடிப் பெட்டிகள் பலவும் இந்த நீளத்தை நினைத்துச் செய்யப்பட்டவை இல்லை. அதற்காகவே அடிப்பகுதி உள்ளே ஒடுங்கும் தடிகள் வருகின்றன. ஏறத்தாழ ஒரு அடி குறையும். வான் வண்டியும் வீட்டுக் கராஜும் இருந்தால் ஒரே துண்டு எடுங்கள். இல்லையென்றால் ஒடுங்கும் வகை. அது எறிவதில் ஒன்றும் குறைந்தது இல்லை, பூட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் கடையில் திருகிப் பார்க்கவேண்டும்.

படி 4: எங்கே வளைகிறது

வலு வேறு, வளைவு வேறு. நுனியில் மட்டும் வளைந்து கீழே விறைத்து நிற்பது வேக வளைவு. நடுவரை வளைவது மிதமான வளைவு. ரப்பர் லூருக்கும் வெட்டி இழுக்கும் லூருக்கும் வேக வளைவு வேண்டும். உங்கள் கை அசைவு லூருக்குச் சிந்தாமல் போய்ச் சேரும். சுழல்தகடு லூருக்கு மிதமும் வேகமும் கலந்தது நல்லது.

காரணம் நூலில் இருக்கிறது. மஸ்கிக்குப் பயன்படுத்தும் பிரெய்ட் நூல், அதாவது பல இழைகளைப் பின்னிச் செய்த நூல், இழுபடாது. படகோரத்தில் ஒரு அடி நூலோடு நாலடி மீன் கடித்துத் திரும்பினால், அந்தத் திடுக்கிடலை உள்வாங்க தடியைத் தவிர வேறு ஸ்பிரிங் கிடையாது. உலக்கைத் தடியாக இருந்தால் முள் கிழித்துக்கொண்டு வரும், அல்லது தடி உடையும். எல்லா வேலைக்கும் ஒரே தடி என்றால் வேக வளைவை எடுங்கள், ஆனால் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மனதார வளையவேண்டும்.

படி 5: பின்கைப்பிடி

தடி வாங்கும்போது எல்லாரும் நுனியை ஆட்டிப் பார்ப்பார்கள். ரீலுக்கு (நூல் சுற்றும் கருவி) பின்னால் இருக்கும் கைப்பிடியை யாரும் அளப்பதில்லை. வலி அங்கேதான் உருவாகிறது.

ஒன்பது அடி என்றால் 108 அங்குலம். ரீலுக்குப் பின்னால் 14 அங்குலம், முன்னால் 94 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரீலைப் பிடிக்கும் கையைச் சுழல் மையமாக வைத்தால், தடிக்குச் செங்குத்தாக நுனியில் ஒரு கிலோ இழுவை வரும்போது பின்முனையில் ஏறத்தாழ 6.7 கிலோ அழுத்தம் கொடுக்கவேண்டும். அதே தடியில் பின்கைப்பிடி 18 அங்குலமாக இருந்தால் முன்னால் 90. அழுத்தம் 5 கிலோ. நாலு அங்குலத் தக்கைப்பிடியில் கால்வாசிப் பாரம் போய்விடுகிறது. பெரிய இரட்டைத் தகடு லூரை மாலைவரை இழுத்தவருக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

அதற்காக அளவுமீறி நீண்டாலும் இடைஞ்சல். வெட்டி இழுக்கும்போது பின்முனை சட்டையிலும் மழைக்கோட்டிலும் மாட்டும். எட்டுப் போடும்போது விலாவில் இடிக்கும். அளவு பார்க்க எளிய வழி: ரீல் இருக்கும் இடத்தைக் கையில் பிடித்து, முழங்கையை மடக்கி, தடியை முன்கையோடு சேர்த்து வையுங்கள். பின்முனை முழங்கையைத் தாண்டி இரண்டு மூன்று அங்குலம் நீள வேண்டும். அக்குளில் இடுக்கினால் இறுக்கமாக நிற்கவும் வேண்டும்.

பிடி தக்கையா நுரையா என்பது ரசனை. நவம்பர் குளிரில் கையுறையோடு பிடிக்க எனக்குத் தக்கை பிடிக்கும்.

படி 6: வளையங்களும் மற்றவையும்

நூல் ஓடும் வளையங்கள் பெரிதாக, அடிப்பக்கத்திலாவது இரட்டைக் காலோடு இருக்கட்டும். குறுவளையத் தடிகள் இந்த வேலைக்கு ஆகாது. கவார்தாவின் நீர்ச்செடி நார் வளையத்தில் சிக்கும், மஸ்கிக்குப் பெயர்போன நவம்பரில் பனி உறைந்து துளையையே அடைக்கும். நுனி வளையத்தின் உள் பீங்கானைப் பஞ்சால் தடவிப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் கீறல் இருக்கிறது, நூலை அறுக்கும்.

படி 7: ரீலும் நூலும் தடியோடு சேர்த்து

ஷிமானோ டிரான்க்ஸ், டைவா லெக்ஸா போன்ற ரீல்களில் 300, 400 அளவு பெரும்பாலான வேலைக்குப் போதும். அபு ஆம்பாசடர் 6500 போன்ற உருண்டை ரீல் வைத்திருந்தால் தூக்கி எறியாதீர்கள், அது இன்னும் பிடிக்கும். பெரிய தகடுகளை இழுக்க 5:1 அளவில் பல்விகிதம் குறைந்த ரீல் (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு நூலுருளை ஐந்து சுற்று) கைக்கு இதம். தளர் நூலை வேகமாக ஏற்றவேண்டிய ரப்பர், கிளைட் லூர்களுக்கு 7:1 வசதி.

நூல் 80 பவுண்டு பிரெய்ட். பெரிய ரப்பர் லூருக்கு 100. இந்தப் பலம் மீனுக்காக அல்ல. அரைப் பவுண்டு லூர் முழு வேகத்தில் பறக்கும்போது ரீலில் நூல் சிக்கினால், மெல்லிய நூல் வெடித்து, லூர் மட்டும் ஏரிக்குள் போய்விடும். நூலின் நுனியில் 100 முதல் 130 பவுண்டு ஃப்ளூரோகார்பன் (ஒருவகைத் தடித்த பிளாஸ்டிக் நூல்) லீடர் அல்லது கம்பி லீடர், கட்டாயம். மஸ்கியின் பல்லுக்கு வெறும் பிரெய்ட் ஒன்றுமே இல்லை.

படி 8: கடையில் செய்யவேண்டியது

உங்கள் ரீலையும் ஒரு லூரையும் கொண்டுபோங்கள். முள்ளுக்கு உறை போட்டுக்கொண்டு போவது நல்லது, கடைக்காரருக்கும் மகிழ்ச்சி. ரீலைப் பூட்டி, லூரை நுனியிலிருந்து தொங்கவிட்டு, தடியைக் கிடையாகப் பிடியுங்கள். உங்கள் வழமையான லூருக்கு நுனி நன்றாகத் தலைகுனியவேண்டும், ஆனால் நடுப்பகுதி நிமிர்ந்திருக்கவேண்டும். நடுவும் சேர்ந்து சரிந்தால் தடி பலவீனம். நுனி அசையவே இல்லையென்றால் உங்கள் லூருக்கு அது அதிகம்.

அடுத்து நண்பர் ஒருவரை நுனி வளையத்துக்குக் கீழே நூலைப் பிடித்து மெதுவாக இழுக்கச் சொல்லி, பின்முனையை விலாவோடு வைத்து இரண்டு நிமிடம் நில்லுங்கள். இரண்டு நிமிடத்தில் மணிக்கட்டு முறுகினால் எட்டு மணி நேரத்தில் என்னவாகும் என்று கணக்குப் போடுங்கள். கடைசியாக வெறும் தடியால் காற்றில் ஒரு எட்டு.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால் உத்தரவாத விதிகளை முதலில் படியுங்கள். ஒன்பதடித் தடியைத் திருப்பி அனுப்பும் தபால் செலவு சில வேளை தடியின் விலையில் நல்ல பங்கைத் தின்றுவிடும்.

படி 9: எந்த ஏரிக்கு எது, எவ்வளவு பணம்

ஒரே ஒரு தடிதான் என்றால்: எட்டரை முதல் ஒன்பது அடி, ஹெவி, 3 முதல் 8 அவுன்ஸை ஒட்டிய வரம்பு, வேக வளைவு. இதோடு சுழல்தகடு, தண்ணீர்மேல் லூர், சாதாரண அளவு ரப்பர் எல்லாம் எறியலாம்.

கவார்தாவில் மீன் எண்ணிக்கை அதிகம், சராசரி அளவு சிறிது, தண்ணீர் ஆழம் குறைவு, செடி கூட. அங்கே மட்டும் போகிறவர் எட்டடியில் மீடியம் ஹெவி எடுத்து 1 முதல் 4 அவுன்ஸ் லூர்களோடு சந்தோஷமாக இருக்கலாம். செயின்ட் லாரன்ஸிலும் ஜோர்ஜியன் வளைகுடாவிலும் இலையுதிர் காலத்தில் பெரிய ரப்பர் எறிய ஆசை என்றால், இரண்டாவது தடியாக ஒன்பதடிக்கு மேல் டபுள் எக்ஸ் ஹெவி ஒன்று. அதை முதல் தடியாக வாங்குவதை நான் சொல்லமாட்டேன். பவுண்டர் எறிய ஆசைப்படுபவர்கள் பலர், மதியத்துக்குப் பின்னும் எறிபவர்கள் சிலர்.

பயன்படுத்தத்தக்க நடுத்தரத் தடி 200 கனடா டாலரைச் சுற்றிக் கிடைக்கும். மேல்தட்டுத் தடிகள் 500ஐத் தாண்டும். விஸ்கொன்சினின் பார்க் ஃபோல்ஸில் 1948இல் தொடங்கிய செயின்ட் குரோய் கம்பனி இரண்டு தட்டிலும் மஸ்கித் தடி விற்கிறது. ஷிமானோ, ஒகுமாவிலும் நல்லவை உண்டு. 500 கொடுத்தால் இலகுவான எடை கிடைக்கும், அது உண்மைதான். ஆனால் கையில் 500தான் இருக்கிறதென்றால் 200க்குத் தடி வாங்கி, மிச்சத்தில் பெரிய வலை, நீண்ட மூக்குக் குறடு, முள் வெட்டும் கத்தரி மூன்றையும் முதலில் வாங்குங்கள். இவை இல்லாமல் மஸ்கியைப் படகோரம் கொண்டுவருவது மீனுக்கும் ஆபத்து, உங்கள் விரலுக்கும் ஆபத்து. மஸ்கி பிடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மீனைத் திருப்பி விட்டுவிடுகிறார்கள். வலுவான தடி வேண்டியதன் இன்னொரு காரணமும் அதுதான்: மீன் களைத்துச் சாகுமுன் விரைவாகக் கொண்டுவந்து விடுவிக்கலாம். தண்ணீர் வெப்பம் 27 பாகை செல்சியஸை எட்டும் கோடை நாட்களில் எந்தத் தடியும் வேண்டாம், வேறு மீனைப் பாருங்கள்.

படி 10: முதல் நாள் எறியும்போது

இரண்டு கையாலும் எறியுங்கள். லூரை நுனியிலிருந்து இரண்டு மூன்று அடி தொங்கவிட்டு, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்து, வெடுக்கென்று வீசாமல் பாரத்தைத் தடி உணரும்படி நீண்ட வளைவாகச் சுழற்றி விடுங்கள். மேல்கை தள்ளவேண்டும், பின்கை இழுக்கவேண்டும். ரீலின் பிரேக்கை முதல் பத்து வீச்சுக்கு இறுக்கமாகவே வைத்துவிட்டுப் பிறகு தளர்த்துங்கள். பெருவிரல் நூலைவிட்டு முழுதாக எழவே கூடாது.

தடி உடைவது பெரும்பாலும் மீன் கடிக்கும்போது அல்ல, வலையில் எடுக்கும்போது. மீன் படகோரம் வந்ததும் தடியைத் தலைக்கு மேல் செங்குத்தாகத் தூக்குவார்கள். முழுப் பாரமும் மெல்லிய நுனியில் விழும், டொக். தடியைக் கிடைமட்டத்துக்கு அருகில் வைத்து, ஒரு அடி பின்னால் நகர்ந்து, வலை பிடிப்பவரிடம் மீனைக் கொடுங்கள். இரண்டாவது காரணம், லூரை வளையத்தில் மாட்டித் தடியோடு ஆடவிட்டு வேகமாகப் படகு ஓட்டுவது. முள் கார்பனில் தட்டிக்கொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறலில்தான் அடுத்த வாரம் தடி முறியும். ஓடும்போது லூரைக் கழற்றிப் பெட்டியில் போடுங்கள்.

புறப்படுமுன் உரிமத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவில் மீன்பிடிக்க, கனடாவில் வசிப்பவர்களில் 18 முதல் 64 வயதுவரை உள்ளவர்களுக்கு உரிமம் வேண்டும். குறைந்த எண்ணிக்கையில் மீன் வைத்துக்கொள்ள விடும் கன்சர்வேஷன் உரிமத்தில் ஒரு மஸ்கியைக்கூட வைத்துக்கொள்ள முடியாது, ஸ்போர்ட் உரிமத்தில் ஒன்று, அதுவும் அந்த நீர்நிலைக்கு விதித்த குறைந்தபட்ச நீளத்தைத் தாண்டியிருந்தால். பருவம் தொடங்கும் நாள் வலயத்துக்கு வலயம் மாறும். அந்த ஆண்டின் மாகாண விதிப்புத்தகத்தில் உங்கள் ஏரியின் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.